மெழுகுக் குண்டு சுடுகிற இடத்துக்குப் போன கதை

மருமகள் வதனி கனடாவிலிருந்து தொலைபேசி எடுத்து அழுதாள். என் மகன் யோகன் கௌபோய் ஆகிவிட்டானாம். கௌபோய் என்றால் என்னவென்று பக்கத்தில் நின்ற மகளிடம் கேட்டேன். மாடு மேய்க்கிறவன் என்றாள். மாடு மேய்க்கிறது நல்ல தொழில்தானே, அதற்கு ஏன் இந்தப் பிள்ளை இப்படி அழுகிறது என்று எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் துவக்குக் கதை வந்தது.

"சனிக்கிழமையெண்டால் உவர் துவக்குச் சுடப் போறார், மாமி. வீட்டிலை இடுப்புப் பட்டியைக் கட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு இழுத்து இழுத்துப் பழகிறார். தமிழ்ப் பெடியன் துவக்கோடை நிண்டால் இந்த நாட்டிலை ஆர் விளையாட்டெண்டு நம்புவினம்? சிற்றிசனுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறம். நீங்கள் வந்து சொன்னால்தான் கேப்பார். கேக்காட்டி நான் துளசியைக் கூட்டிக்கொண்டு மொன்றியலிலை அண்ணை வீட்டை போயிடுவன்."

மகன் கையிலிருந்து துவக்கை வாங்கி வைத்துவிட்டு வருவதற்காகத்தான் நான் கனடாவுக்குப் போனேன். விசா எடுத்த கதையைச் சொல்ல வெளிக்கிட்டால் விடிந்துவிடும், விடுவோம். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. கொழும்பில் வெள்ளவத்தை வீட்டில் காலை நீட்டிக்கொண்டு நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். நான் "போனன்" என்று சொன்னால் அவள் "போனேன்" என்று எழுதுகிறாளாம். எப்படி எழுதினாலும் போனது நான்தான்.

விமானத்தில் எனக்குப் பெரிய சந்தோசம். காலுக்கடியில் முகில் ஓடுகிறது, மடியில் சோறு வருகிறது. அந்தச் சோற்றில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. உப்பை வேறாகச் சின்னக் கடதாசிப் பையில் தருகிறார்கள். சமைக்கிறவனுக்கு அளவு தெரியாவிட்டால் இது நல்ல யோசனைதான். மிஞ்சியதை மடியில் கட்டிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண் தன்னுடையதையும் எடுத்துத் தந்தாள். பாசை இல்லாமலே நாங்கள் இரண்டு பேரும் நல்ல சிநேகம்.

ரொறன்ரோவில் இறங்கும்போது சில்லு நிலத்தில் முட்டி "டமார்" என்றது. எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முன் இருக்கைக்குக் கீழே போய்விட்டேன். நான் கும்பிடுகிறேன் என்று நினைத்து அந்தப் பெண்ணும் தலையைக் குனிந்து கும்பிட்டாள். நல்ல பிள்ளை.

மோர்னிங்சைட்டில் யோகனின் வீடு ஒரு தொடர் வீடு. இந்தப் பக்கச் சுவர் அடுத்த வீட்டுக்காரனுக்கும் சுவர். நிலமெல்லாம் கம்பளம், கூட்டுவதற்கு விளக்குமாறு இல்லை, உறுமுகிற ஒரு யந்திரத்தால் இழுக்கிறார்கள். பேத்தி துளசிக்கு ஆறு வயது. முன் பல்லில் ஒன்று இல்லை. "அப்பம்மா, யூ ஸ்லீப் வித் மீ, சரியோ?" என்று அரை வழி தமிழிலும் அரை வழி இங்கிலீசிலும் வந்து கையைப் பிடித்தாள். வேலியில் ஓடிய அணிலைக் காட்டினாள். அந்த ஊர் அணில் கறுப்பு, பூனைக்குட்டி அளவு, முதுகில் குறி கிடையாது. இவ்வளவு குளிருக்குள்ளும் இது எப்படிச் சீவிக்கிறது என்று பார்த்துக்கொண்டே ஒரு காலைப்பொழுது எனக்குப் போய்விட்டது.

யோகன் மெலிந்திருந்தான். கும்பிட்டு, "அம்மா, பிரயாணம் எப்பிடி?" என்று கேட்டான். அதற்கு மேல் கதையில்லை. சின்ன வயதில் வாய் மூடாத பிள்ளை. துளசி அவன் மடியில் ஏறப் போனாள், மெல்ல இறக்கிவிட்டான். அதை நான் பார்த்தேன், வதனியும் பார்த்தாள்.

முதல் தேத்தண்ணி வந்தது. வாயில் வைத்தால் மெழுகுதிரி மணம். சாமிக்கு வைத்ததை எடுத்து எனக்குத் தந்துவிட்டார்களோ என்று நினைத்தேன். பால் காய்ச்சுகிற சட்டியில்தான் யோகன் மெழுகு காய்ச்சுகிறானாம். அதை அச்சில் ஊற்றிச் சின்னக் குண்டுகள் செய்து, துவக்குச் சுடுகிற கிளப்புக்குக் கொண்டு போகிறானாம். வதனி அந்தச் சட்டியை என் முகத்துக்கு முன் பிடித்து, "எவ்வளவு உரஞ்சியும் போகுதில்லை, பாருங்கோ மாமி" என்றாள். வீட்டில் துவக்கு இல்லை, அது கிளப்பில்தான் பூட்டிக் கிடக்கிறது. ஆனாலும் மணம் வீட்டுக்குள் வந்துவிட்டது. பெண்களுக்குக் கோபம் வருவது இப்படியான இடத்தில்தான்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, வதனி என்னைத் தமிழ்க் கடைக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். கனடா பஸ்ஸில் சன்னல் ஓரமாக ஒரு மஞ்சள் கயிறு ஓடுகிறது. பிடித்துக்கொள்ளத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பஸ் ஒவ்வொரு தரிப்பிலும் நின்றது. ஒருவரும் இறங்கவில்லை. திரும்ப வெளிக்கிட்டது, குலுங்கியது, நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன், திரும்பவும் நின்றது. சாரதி கண்ணாடிக்குள்ளால் பார்த்து ஏதோ சொன்னான். பின்னால் இருந்த ஒரு தமிழ்ப் பெடிச்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள். "அம்மம்மா, உது இறங்கிற ஆக்கள் இழுக்கிற மணிக் கயிறு. தயவுசெய்து விடட்டாம், தான் வீட்டை போக வேணுமாம்." விட்டேன். நம்மூர் பஸ் என்றால் இதற்குள் முழுப் பஸ்ஸும் எனக்குப் புத்தி சொல்லியிருக்கும்.

அந்த பஸ்ஸில்தான் வதனி துளசியின் பல்லுக் கதையைச் சொன்னாள். போன வருசம் கனடா நாளுக்குப் பார்க்கில் வாணம் விடுகிறதைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். துளசி தகப்பனின் தோளில். முதல் வாணம் வெடித்ததும் யோகன் பிள்ளையோடு நிலத்தில் விழுந்து, அவளைத் தனக்குக் கீழே அமத்திக்கொண்டு கிடந்திருக்கிறான். பிள்ளையின் வாய் கல்லில் பட்டுப் பல் உடைந்துவிட்டது. சுற்றி நின்ற சனம் வாணத்தை விட்டுவிட்டு இவர்களைப் பார்த்ததாம். அன்றிலிருந்து அவன் பிள்ளையைத் தூக்குவதில்லை. பிறகு தொழிற்சாலையில் யாரோ சொல்லி இந்தக் கிளப்புக்குப் போகத் தொடங்கினானாம்.

"ஏன் போறியள் எண்டு கேட்டால் விளையாட்டு எண்டுறார். வாணத்துக்கே விழுந்தவருக்குத் துவக்கு விளையாட்டோ, மாமி?" என்றாள் வதனி.

அன்று மாலை நிலக்கீழ் அறைக்குப் போனேன். யோகன் கண்ணாடிக்கு முன்னால் நின்றான். இடுப்பில் தோல்பட்டி, தொடையில் தோல்வாரால் கட்டிய உறை, உறைக்குள் துவக்கு மாதிரிச் சீவிய மரக்கட்டை. கை தொங்கிக்கொண்டிருக்கும், திடீரென்று போகும், கட்டை வெளியில் வரும். பிறகு திரும்ப உள்ளே. என்னைக் கண்டதும் வெட்கப்பட்டான். அவனுக்குத் தலையில் நரை விழுந்திருந்ததை அப்போதுதான் கண்டேன்.

நான் வந்த காரியத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவனுக்கு முதலே தெரிந்திருந்தது. "வதனி உங்களை ஏன் கூப்பிட்டவ எண்டு தெரியும் அம்மா. சனிக்கிழமை ஒருக்கா வந்து பாருங்கோ. பாத்திட்டு நீங்கள் விடு எண்டால் விடுறன்" என்றான்.

சனிக்கிழமை மழை. அவனுடைய காரில் மழை துடைக்கிற தடி இரண்டு இருந்தது, வேலை செய்தது என் பக்கத்துத் தடி மட்டும். அதனால் மார்க்கம் என்கிற ஊரைத் தாண்டும் வரைக்கும் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, என் பக்கத்துக் கண்ணாடிக்குள்ளால் தெருவைப் பார்த்துப் பார்த்து ஓடினான். இரண்டு முறை பின்னால் வந்தவன் கோர்ன் அடித்தான். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் மழை விட வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். மகன் தலையை என் தோளில் வைத்து எத்தனையோ காலம்.

கிளப் என்பது வயல்வெளிக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. உள்ளே போனால் கூத்துக்கு வேசம் கட்டினவர்கள் மாதிரி ஆட்கள். அகலத் தொப்பி, கழுத்தில் சிவப்புத் துணி, குதி உயர்ந்த சப்பாத்து. ஒருவருடைய மீசையைப் பார்த்து நான் சிரிக்க, அவர் தொப்பியைக் கழற்றி எனக்கு மரியாதை செய்தார். மாடு ஒன்றுகூட இல்லை. எல்லாரும் கிழமை நாளில் கடைகளிலும் கந்தோர்களிலும் வேலை செய்கிற ஆட்கள் என்று யோகன் சொன்னான்.

புதிதாக வருகிறவர்களுக்குப் பழக்குகிறவள் டொறீன். யோகனின் வயதுதான் இருக்கும், பெரிய உடம்புக்காரி, சிவப்புச் சப்பாத்து, கிழமை நாளில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். என்னைக் கட்டிப் பிடித்துவிட்டுத் தட்டில் சாப்பாடு தந்தாள். இனிப்பான அவரைக் கொட்டைக் கறி. இனிப்பைப் பொறுத்துக்கொண்டு ஒரு வாய் வைக்கப் போக, யோகன் "அதுக்குள்ளை பன்றி கிடக்கு அம்மா" என்று தட்டை வாங்கிவிட்டான். அவித்த சோளப் பொத்திக்கு வெண்ணெய் பூசித் தந்தார்கள். அது தேவாமிர்தம். கொழும்புக் கடற்கரையில் விற்கிறவனுக்கு இந்த வெண்ணெய் வேலையை யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும்.

டொறீன் என் சேலைக்கு மேலேயே பட்டியைக் கட்டி, மரக்கட்டையை உறையில் வைத்தாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தூரத்தில் ஒரு வட்டத் தகடு, நடுவில் சின்ன விளக்கு. அந்த விளக்கு எப்போது எரியும் என்று ஒருவருக்கும் தெரியாது. எரிந்த பிறகுதான் கை துவக்குக்குப் போகலாம். எடுக்கும்போதே பெருவிரலால் பின் கொக்கியை இழுக்க வேண்டும், தகட்டுக்கு நேரே வந்த பிறகுதான் மற்ற விரல் சுடுகிற விசைக்குப் போக வேண்டும். எவ்வளவு கெதியாகத் தகட்டில் படுகிறது என்று ஒரு பெட்டி எண் காட்டும். அவள் சொல்லச் சொல்ல யோகன் தமிழில் சொன்னான்.

"துவக்கைப் பாக்காதேங்கோ, விளக்கைப் பாருங்கோ எண்டுறாள். முதல் மெல்லச் செய்யட்டாம். மெல்ல வந்தால் கெதியாத் தானா வருமாம்." நான் மெல்லச் செய்தேன். ரொட்டி தட்டி எடுக்கிற கைக்கு இது பெரிய வேலையா? டொறீன் கை தட்டினாள். வந்த காரியத்தை நான் முழுதாக மறந்துவிட்டேன், உண்மை.

பிறகு என்னை ஒரு கதிரையில் இருத்தி, காதுக்கு மூடி போட்டார்கள். தகட்டுக்கு நேரே நிலத்தில் போட்ட கோட்டில் இரண்டு பேர் போய் நின்றார்கள், ஒன்று மீசைக்காரர், மற்றது யோகன். தொப்பியோடு பார்க்க வடிவாகத்தான் இருந்தான். ஒருவர் ஏதோ சொல்லிக் கூப்பிட்டார், கொட்டகை முழுக்க அடங்கிவிட்டது. விளக்கு எரிந்தது. மீசைக்காரரின் துவக்கு வெடித்தது.

"படு."

என் குரல்தான். மெழுகுக் குண்டு என்று தெரியும், விளையாட்டு என்று தெரியும். தெரிந்து என்ன பயன், நான் சிமெந்து நிலத்தில் கிடந்தேன். முழங்கை ஊன்றி, நெஞ்சு நிலத்தில் முட்டாமல், வாயைத் திறந்தபடி. தலையைத் திருப்பினால் கோட்டில் யோகனும் அதே மாதிரிக் கிடக்கிறான். முழங்கை ஊன்றி, நெஞ்சு முட்டாமல், வாயைத் திறந்தபடி. தொப்பி உருண்டு போய்ச் சுவரோடு நின்றது.

ஒருவரும் சிரிக்கவில்லை. டொறீன் கையை உயர்த்தினாள். மீசைக்காரர் துவக்கை உறைக்குள் வைத்துவிட்டுப் பின்னால் போய்க் கோப்பி ஊற்றினார். மற்றவர்களும் கோப்பி ஊற்றினார்கள். மழை விடட்டும் என்று கடை வாசலில் நிற்கிறவர்கள் மாதிரி நின்றார்கள். அவர்களுக்கு இது புதிதில்லை என்று அந்த நிலையிலேயே எனக்கு விளங்கியது.

யோகன் எழும்பி என்னையும் தூக்கிவிட்டான். டொறீன் அவனிடம் மெல்லமாக ஏதோ சொன்னாள். என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

"பனிக்காலம் முழுக்க நீ கிடந்த நிலம்தானே, அம்மாவுக்கும் காட்டிப்போட்டாய் எண்டுறாள்." சிரித்துக்கொண்டுதான் சொன்னான், கண் நிறைந்திருந்தது. "ஒவ்வொரு வெடிக்கும் விழுவன், அம்மா. விழ விழ எல்லாரும் நிப்பாட்டிப்போட்டு நான் எழும்புமட்டும் காத்துக்கொண்டு நிப்பினம். ஏன் எண்டு கேக்கேல்லை. இப்ப கொஞ்ச நாளாத்தான் நிக்கிறன். இண்டைக்கு உங்கடை குரல் கேட்டுது. அந்தக் குரலுக்குக் கால் நிக்குதில்லை."

படுக்கப் பழக்கியவள் நான். ஊரில் சண்டை நடந்த காலம் ஹெலிகொப்டர் வந்தாலும் ஷெல் வந்தாலும் அந்த ஒரு சொல்தான். யோகனுக்கும் அவன் தம்பி ரவிக்கும் சோறு தீத்தின மாதிரி அதையும் தீத்தினேன். ஒரு நாள் கூட்டுறவுச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் கொடுக்கிறார்கள் என்று ரவி வரிசையில் போய் நின்றான். மண்ணெண்ணெய் பொன் விலை விற்ற காலம். நிரம்பின போத்தலைக் கையில் வாங்குகிற நேரம் ஹெலி வந்து சுட்டது. வரிசை முழுக்கப் படுத்தது. போத்தலுக்கு மூடி இல்லை. படுத்தால் சிந்திவிடும் என்று என் பிள்ளை நின்றிருக்கிறான். வரிசையில் படுத்துக் கிடந்தவர்கள் வந்து சொன்னார்கள். விழும்போதும் அதை மெல்ல வைத்துவிட்டுத்தான் விழுந்தானாம். போத்தல் உடையாமல் வீட்டுக்கு வந்தது. அன்று அவன் தலைமாட்டில் எரிந்த விளக்குக்கு அந்த எண்ணெய்தான்.

ஆகையால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். படுத்த பிள்ளை இருக்கிறான், நின்ற பிள்ளை இல்லை. இந்தத் தகரக் கொட்டகைக்குள் இருக்கிற பிள்ளையும் நிற்கப் பழகுகிறான்.

"துளசியைத் தோளிலை வைச்சுக்கொண்டு வாணம் பாக்க வேணும், அம்மா. அவ்வளவுதான். வேறை ஒண்டுக்கும் இல்லை" என்றான். இதை ஏன் வதனியிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். விழுகிறதைச் சொல்ல வெட்கம் என்றான்.

நான் காருக்குள் போய் இருக்கட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம். நீங்கள் இஞ்சை இருக்க நான் நிக்க வேணும். அந்தச் சொல்லை மட்டும் சொல்லாமல் இருங்கோ."

விடு என்று ஒரு சொல் சொன்னால் விட்டிருப்பான். வதனிக்கு நிம்மதி, எனக்கும் நிம்மதி. நான் சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் அடைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன்.

திரும்பக் கோட்டில் போய் நின்றார்கள். திரும்பக் கொட்டகை அடங்கியது. வெடித்தது. நான் கதிரைக்குக் கீழே கிடந்தேன், அதை என்னால் தடுக்க முடியவில்லை. ஆனால் சொல் வெளியில் வரவில்லை, துணிக்குள்ளேயே நின்றுவிட்டது. கதிரைக் கால்களுக்கு நடுவால் யோகனின் சப்பாத்தைப் பார்த்தேன். இரண்டும் நிலத்தில் நின்றன. மற்ற வெடியும் கேட்டது, அது அவனுடையது. சப்பாத்து அசையவில்லை.

தகட்டில் படவில்லையாம். சுவரில் எங்கோ பட்டதாம், பெட்டியில் எண்ணே வரவில்லையாம். ஆனாலும் கொட்டகை முழுக்கக் கை தட்டியது. டொறீன் தொப்பியைக் கழற்றி வீசினாள். எல்லாருக்கும் சந்தோசம். நான் கீழே கிடந்தபடி அழுதேன். யோகனுக்காக அழுதேனோ, நின்ற மற்றவனுக்காக அழுதேனோ, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வதனி என் முகத்தைப் பார்த்தாள். நான் அவளைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய், பனிக்காலம் முழுக்க அவள் புருசன் நிலத்தில் கிடந்த கதையைச் சொன்னேன். அவள் அந்தப் பால் சட்டியை எடுத்து வெளியில் வைத்தாள்.

"உந்தச் சட்டியை உவரே வைச்சிருக்கட்டும். நான் பாலுக்கு வேறை வாங்கிறன். எண்டாலும் எனக்குப் பயம் போகேல்லை, மாமி."

"எனக்கும் போகேல்லை, பிள்ளை" என்றேன்.

கனடா நாளுக்கு முன்னமே நான் திரும்பிவிட்டேன். இங்கே மகளுக்குப் பிள்ளைப்பேறு. விமான நிலையத்தில் யோகன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேராக நின்று கை காட்டினான். நல்லாய் இருக்கட்டும். ஆனால் சத்தத்துக்கு நிற்கிறவன் இனி படுக்கிற எங்கள் பக்கத்து ஆள் இல்லை என்று மனதில் பட்டது. பெற்றவளுக்கு அது இன்னொரு முறை பிள்ளையைப் பறிகொடுக்கிற மாதிரி. துளசி எனக்கென்று தந்த சோளப் பொத்தியை விமானத்தில் சாப்பிட மனம் வரவில்லை.

போன கிழமை காலையில் இங்கே தொலைபேசி அடித்தது. அங்கே இரவாம். பார்க்கடியில் காசு போட்டுக் கதைக்கிற பெட்டியிலிருந்து யோகன். துளசி தோளில் இருக்கிறாளாம், வதனி பக்கத்தில் நிற்கிறாளாம். "அப்பம்மா, லிசின்" என்று துளசி கத்தினாள். அதற்குள் வெடிக்கத் தொடங்கிவிட்டது. ஒன்றுக்குப் பின் ஒன்றாக என் காதுக்குள் வெடித்தது.

மகள் தோசைக் கரண்டியோடு ஓடி வந்தாள். பேசாதே என்று கையைக் காட்டினேன்.

"கேக்குதே அம்மா?"

"ஓம் ராசா, வடிவாக் கேக்குது."

"நான் நிக்கிறன், அம்மா."

தொலைபேசியைக் காதோடு வைத்தபடி, நெஞ்சு நிலத்தில் முட்டாமல், நான் வெள்ளவத்தை நிலத்தில் கிடந்தேன். அதை அவனுக்குச் சொல்லவில்லை.

"நில், ராசா" என்றேன். "நில்."